சாமி ஏறக் காத்திருந்த லாரி

மகாபலிபுரத்துக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் எங்கள் லைன் மாரியம்மன் கோயிலுக்கு, அங்கே ஒரு சிலைப் பட்டறையில் கல்லில் ஓர் அம்மன் செய்யச் சொல்லியிருந்தோம். வேலை முடிந்தது, வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். கூடவே இருந்து கொண்டுவர ஆள் வேண்டும். ஆம்பிளைகள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். நான் போகிறேன் என்றேன். என் தம்பி முனுசாமி அந்தப் பக்கம் திருக்கழுக்குன்றத்தில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறான். "வாடகை லாரி எதுக்கு? எந்தம்பி வண்டியிலயே அம்மனைக் கொண்டாந்து எறக்குறேன்" என்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சுரங்கத்தை மூடின பிறகு எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இருக்கிறவர்கள் விடிகாலையில் ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்துவிட்டு இருட்டினபின் வருகிறார்கள். ஊரே காலியாகிக்கொண்டிருக்கிறது, இப்போது எதற்குப் புதுச் சாமி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சிலை வரும் வழியில் சின்னதாக ஏதாவது ஆனாலும் "அம்மனுக்கே இங்க வர இஷ்டமில்ல" என்று சொல்ல அவர்கள் தயாராக இருந்தார்கள். எனக்கு அது தெரியும். அதனால் அம்மன் தடங்கல் இல்லாமல் வந்து சேரவேண்டியது என் மானத்தோடு சேர்ந்துகொண்டது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் தெரிந்தது வெயில் இல்லை, ஈரம். எங்கள் ஊரில் காலைக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வரும். இங்கே மூச்சுவிட்டால் துணி துவைத்த தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தம்பி வந்திருந்தான். லாரியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து பையை வாங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டா, அக்கா வந்தா எறங்க மாட்டியா? வண்டிய வேற ஓடவுட்டுகினு கீற?"

"அணைச்சா பேஜாரு அக்கா. மொதல்ல ஏறு. போலீஸ்காரன் வரான்."

அது மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. நெற்றியில் எங்கள் அம்மா பேரை எழுதி வைத்திருந்தான். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் தப்பாகப் படிக்க மாட்டேன். அம்மா பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. சொன்னேன். "பெயின்ட் அடிச்ச ஆளு பூட்டான் அக்கா, இனிமே ஆரைக் கேக்குறது" என்றான்.

வழியெல்லாம் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அணைத்தால் என்ன ஆகும்? ஸ்டார்ட் ஆகாது. எப்போதுமா? எப்போதும் இல்லை. டீ குடிக்கிற நேரம் அணைத்தால் பரவாயில்லை, எடுத்துவிடும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எடுக்காது. ராத்திரி முழுக்க நின்றால் கேட்கவே வேண்டாம். எத்தனை நாளாக? போன மழைக்கு முன்னாலிருந்து. மெக்கானிக்கிடம் காட்டினாயா? காட்டாத மெக்கானிக் இல்லை. ஒருத்தன் பேட்டரி என்றான், ஒருத்தன் செல்ஃப் மோட்டார் என்றான், ஒருத்தன் கிழடாகிவிட்டது வித்துவிடு என்றான்.

"நீ இன்னா நெனைக்கிற?"

"அதுக்குப் பசி அக்கா" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

திருக்கழுக்குன்றத்தில் மலைக்கு இந்தப் பக்கம் சரிவான தெரு ஒன்றில் அவன் வீடு. வந்ததும் லாரியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்தினான். சக்கரத்துக்கு முன்னால் ரெண்டு பெரிய கல்லைப் போட்டான். அந்தத் தெருவில் வீடு எடுத்ததே சரிவுக்காகத்தான் என்று அவன் பெண்டாட்டி சரசு சொன்னாள். தண்ணி வசதி கீழ்த்தெருவில்தான் நன்றாக இருக்குமாம்.

சரசு கெட்டிக்காரி. நல்ல கைமணம். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள். எங்கள் ஊருக்கு மீன் ஐஸில் விறைத்து வரும், இல்லாவிட்டால் கருவாடாக வரும். காலையில் பிடித்த மீனை மத்தியானம் தின்பது எனக்கு அதுதான் முதல். முள் எடுத்து எடுத்து மெதுவாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் மலையைப் பார்க்கக் கீழே போனேன். கழுகு வந்து பிரசாதம் சாப்பிடும் மலை என்று சின்ன வயசிலிருந்து கேள்விப்பட்டது. பூ விற்கிறவளிடம் எப்போது வரும் என்று கேட்டேன். "அதுங்க வந்து எத்தினியோ காலமாச்சு. நீ இப்பதான் வரியா?" என்றாள். கழுகு வராமல் போனதற்கு நான் தாமதமாக வந்ததுதான் காரணம் என்பது போல இருந்தது பேச்சு.

மறுநாள் காலையில் லாரி கிளம்பும் வைபவத்தைப் பார்த்தேன். தம்பி ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, உள்ளே ஒன்றும் பற்றவில்லை. இருமல்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் தாமாகவே வந்து கல்லை எடுத்தார். லாரி சத்தமில்லாமல் சரிவில் உருண்டது. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து தள்ளி நின்றாள். கிளச்சை விட்டான். ஒரு குலுக்கல், வெள்ளையாக ஒரு மூட்டைப் புகை, அப்புறம் சத்தம். கீழே குளத்துப் பக்கம் போய் நின்று எங்களுக்காகக் காத்திருந்தான். சரசுவும் நானும் நடந்து போய் ஏறினோம். தினமும் இப்படித்தான் என்றாள்.

அன்றைக்குத்தான் கடலைப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு முடிந்ததும் வெள்ளையாக மணல் மேடு தெரிந்தது. எங்கள் ஊரில் தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடு இருக்கிறது. அதே நிறம், அதே வழவழப்பு. நான் அந்த ஞாபகத்தில் மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது தண்ணீர். தம்பி, "எறங்கிப் பாக்குறியா அக்கா?" என்றான். கேட்டானே தவிர வண்டியை நிறுத்தவில்லை. ஓடுகிற லாரியிலிருந்தே கடலைப் பார்த்தேன்.

சிலைப் பட்டறை ரோட்டுமேலேயே இருந்தது. உளிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஏகாம்பர ஸ்தபதி ஒல்லியான ஆள், கண்ணிமை எல்லாம் கல் தூசி. எங்கள் அம்மனைக் காட்டினார். பத்து வயசுப் பெண் உட்கார்ந்தால் என்ன உயரமோ அந்த உயரம். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதைக் கோயிலில் வைத்துத்தான் திறக்க வேண்டும். நான் மூக்கைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், பின்பக்கம் போய் முதுகையும் பார்த்தேன். "முதுகைப் பாத்த மொத ஆளு நீங்கதான்" என்றார். முதுகு ஒழுங்காக இருந்தால் முன்பக்கத்தில் ஏமாற்றியிருக்க மாட்டார் என்று எனக்குக் கணக்கு. ஒழுங்காகத்தான் இருந்தது.

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்தபதி தலையை நீட்டிப் பார்த்தார்.

"அது ஏன் ஓடிகினே கீது? அணைச்சிட்டு வரச் சொல்லுங்க. வேலை நடக்குற எடம்."

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் என் ரத்தம்தானே, அணைத்தால் எடுக்காது என்று சொல்ல மானம் விடவில்லை. போய் அணைத்துவிட்டு வந்தான். ஸ்தபதி மோர் கொடுத்தார். சிலையை எப்படி வைக்கோல் சுற்றுவது, எப்படி சங்கிலி போட்டுத் தூக்குவது என்று நிதானமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். தம்பிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வெயில் சாய்ந்தது. கிளம்பும்போது பட்டனை அழுத்தினான். சுற்றியது. எடுக்கவில்லை. அங்கே சரிவு இல்லை, எல்லாம் மணல். உளியைக் கீழே வைத்துவிட்டு ஆறேழு பேர் வந்து தள்ளினார்கள். சக்கரம் மணலில் புதைந்ததே தவிர வண்டி அசையவில்லை. கடைசியில் தம்பி சீட்டுக்குப் பின்னாலிருந்து கேனை எடுத்து, டேங்கு மூடியைத் திறந்து, ஒரு சொம்பு டீசல் ஊற்றினான். என்ஜின் பக்கம் போய்க் கைப் பம்பை ரொம்ப நேரம் அமுக்கினான். பிறகு எடுத்தது.

"நான் சொல்லல? பசி" என்றான் என்னிடம், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஸ்தபதி பக்கத்தில் வந்தார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வண்டில ஏத்த மாட்டேன்" என்றார். அந்தப் பட்டறை வழக்கம் அது. லாரியில் ஏற்றின சாமியைச் சேரவேண்டிய இடம் தவிர வேறெங்கும் கீழே இறக்கக் கூடாது. முன்னே ஒரு தடவை பிள்ளையாரை ஏற்றின பிறகு வண்டி கிளம்பவில்லையாம். வாங்க வந்தவர்கள் பிள்ளையார் வர மறுக்கிறார் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளையார் இன்னும் பட்டறை மூலையில் இருக்கிறார். மடியில் தூக்குச்சட்டி வைத்திருந்தது, தந்தத்தில் ஒருத்தர் சட்டை தொங்கியது.

"ஒரு ராத்திரி முழுக்க இந்த மணல்ல நிக்கட்டும். காலைல பட்டனை அமுக்கினா எடுக்கட்டும். நானே கைகொடுத்து ஏத்துறேன். இல்லன்னா வேற வண்டி பேசுங்க."

தம்பி கேனை சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். திரும்பும்போது ரொம்ப தூரம் போன பிறகு, "வேற வண்டி பேசிக்கோ அக்கா" என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் கோயில் வாசலில் சொல்லிவிட்டு வந்ததை அவனிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பேச மாட்டேன்" என்றேன்.

அடுத்த நாள் புதுப்பட்டினம் போனோம். அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் காய்கறி வாங்க வரும் ஊர். கடைத்தெருவில் நாலு விதத் தமிழ் கேட்டது. திருநெல்வேலித் தமிழில் ஒரு அம்மா கத்தரிக்காய் பேரம் பேசினாள், கடைக்காரி இந்த ஊர்த் தமிழில் பதில் சொன்னாள், ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் திட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மூன்று பாஷையில் பேரம் நடக்கும், இவ்வளவு சத்தம் வராது. காலை நாஸ்தாவுக்கு இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

சேவியர் ஷெட் கடைத்தெரு தாண்டி இருந்தது. பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். "வா மச்சான், தள்ளிகினு வந்தியா, ஓட்டிகினு வந்தியா?" என்று தம்பியைக் கேட்டார். என்னைப் பார்த்து, "ஆயாவ ஏன் வெயில்ல இட்டாந்த?" என்றார்.

"உனக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்குமா? ஆயாவாம். அம்மான்னு கூப்புடு" என்றேன்.

"சரி அம்மா. குந்து" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் ஷெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எதற்கு எதைத் திறக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும் என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. முதலில் பேட்டரி. முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்று செய்கிற வேலை என்று வெந்நீர் ஊற்றிக் கழுவினார். செல்ஃப் முன்னைவிட வேகமாகச் சுற்றியது, வண்டி எடுக்கவில்லை. "அப்ப பேட்டரி மேல குத்தமில்ல. சுத்துற வேகம் போதும். டீசல் வரல" என்றார். அடுத்தது ஃபில்டர். கழற்றினால் கருப்புச் சேறு. புதிது போட்டார். பிறகு ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கைப் பம்பை அமுக்கினார். திருகு வழியாக டீசல் நுரை நுரையாக வந்தது.

"பாத்தியா அம்மா, நுரை. பைப்புல காத்து பூந்துகீது. டீசல் வண்டிக்குக் காத்து ஆவாது. நுரை நின்னு சுத்தமா வர்ற வரைக்கும் அமுக்கணும்."

அமுக்கினார். சுத்தமாக வந்தது. பட்டனை அழுத்தியதும் எடுத்தது. தம்பி முகம் மலர்ந்தது. சேவியர் மலரவில்லை. "இப்ப எடுக்கும். சாப்டுட்டு வந்து பாப்போம்" என்றார். சாப்பிட்டுவிட்டு, அவர் ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வந்து பார்த்தோம். எடுக்கவில்லை. திருகைத் தளர்த்தினால் மறுபடி நுரை. ஃபில்டர் பக்கம் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றினார். ரெண்டு இடத்தில் பைப்பை இறுக்கினார். மறுபடி அணைத்துப்போட்டு ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி அதே கதை. நுரை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"பம்பையே எறக்கி மெட்ராஸுக்கு அனுப்பணும் மச்சான். திரும்பி வர நாளாவும்."

"எத்தினி நாளு?"

"அவங்க சொல்றதுதான் நாளு."

எனக்கு அவ்வளவு நாள் இல்லை. எங்கள் ஊரில் அம்மனை உட்கார வைக்க நாள் குறித்தாகிவிட்டது. தம்பி எழுந்து போய் டேங்கைத் திறந்து ஒரு சொம்பு டீசலை ஊற்றிவிட்டு வந்தான். சேவியர் கைப் பம்பை அமுக்கினார். எடுத்தது.

இதையே நான் ரெண்டு நாளாகப் பார்க்கிறேன். இவ்வளவு பெரிய டேங்கில் பாதி டீசல் கிடக்கும்போது ஒரு சொம்பில் என்ன பசி ஆறும்?

"முனுசாமி, ஊத்தாம வெறுமனே பம்பு அடிச்சா எடுக்குமா?"

"எடுக்கும் அக்கா. ஆனா கை வுட்டுப் பூடும். ஊத்தினா சீக்கிரம் வந்துரும்."

"ஓடும்போது எப்பவாவது மக்கர் பண்ணுமா?"

"தூரமாப் போனா இழுக்காது. ஓரங்கட்டுவேன். டேங்குல குச்சி வுட்டு டீசல் எவ்ளோ கீதுன்னு பாப்பேன். மீட்டர் முள்ளு வேலை செய்யாதே, அதான். அப்புறம் நல்லா இழுக்கும். கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தாப் போதும் அதுக்கு."

"ரெஸ்ட் குடுத்ததால இழுக்குதா, குச்சி வுட்டதால இழுக்குதா?"

தம்பி என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்தது. சேவியர் சிரித்தார். "அம்மா, குச்சிக்கும் என்ஜினுக்கும் இன்னா சம்பந்தம்? நீ மீன் சாப்புட்டியா இல்லையா?"

நான் மீனும் சாப்பிட்டேன், பதிலும் சொன்னேன். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறினவர். பூமிக்கடியில் காற்று எப்படி வரும் என்று கல்யாணமான புதுசில் கேட்டிருக்கிறேன். ஒரு குழி வழியாக உள்ளே வரும், இன்னொரு குழி வழியாக வெளியே போகும், ஒன்றை அடைத்தால் இன்னொன்றும் நின்றுவிடும் என்றார். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தாலும் அப்படித்தான், எண்ணெய் மடக்கு மடக்கென்று நின்று நின்று வரும். டேங்கில் டீசல் குறைந்தால் அந்த இடத்துக்கு என்ன வருகிறது? நான் கேட்டது அவ்வளவுதான்.

"மூடில சின்னதா ஓட்டை இருக்கும்மா. அது வழியாக் காத்து வரும்" என்றார் சேவியர். சொன்னவர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குக் காலைல பாக்கலாம். வண்டி இங்கயே நிக்கட்டும். ஆரும் ஊத்த வாணாம். ஆரும் தொற வாணாம்."

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் எனக்கு ஒரு மீன்கூடைக்கும் ஒரு பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. மீன்காரி என் வளையலைப் பார்த்துவிட்டு, தங்கவயல் என்றால் ரோட்டிலேயே தங்கம் கிடக்குமா என்று கேட்டாள். ரோட்டில் மாடுதான் கிடக்கும் என்றேன்.

காலையில் சரசுவும் வருகிறேன் என்று கூட வந்தாள். வெள்ளிக்கிழமை. கையில் சின்னக் கிண்ணம் வைத்திருந்தாள். ஷெட்டில் லாரி நேற்று விட்ட இடத்தில் நின்றது. சேவியர் குனிந்து காதை டேங்கு மூடியோரம் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். சோடா பாட்டில் மாதிரி வெளியே வரவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டது. மூடிமேல் ஒட்டியிருந்த காய்ந்த பூவிதழ் ஒன்று அந்த இழுப்பில் உள்ளே போய்விட்டது.

சேவியர் மூடியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? மூடியா, மஞ்சக் கெழங்கா?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அந்த மூடியைப் பார்த்தோம். மேலே விரல் கனத்துக்கு மஞ்சள், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி மஞ்சள். காய்ந்து கல்லாகியிருந்தது. ஓரத்திலும் வழிந்து இறுகியிருந்தது. ஓட்டை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. "ஊக்கு இருந்தாக் குடு அம்மா" என்றார். என் வளையலில் தொங்கினதைக் கழற்றிக் கொடுத்தேன். சுரண்டினார், குத்தினார், ஊதினார். கடைசியில் ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. என்னிடம் காட்டினார். கடுகு நுழையாத ஓட்டை.

டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. அதனால் வண்டி நின்றதும் டேங்கு பைப்பிலிருந்த டீசலையே பின்னுக்கு இழுத்துக்கொண்டது, தேய்ந்த வாஷர் பக்கமாகக் காற்று புகுந்துகொண்டது. தம்பி ஊற்றின சொம்பு ஒன்றும் செய்யவில்லை. ஊற்றுவதற்காக மூடியைத் திறந்தானே, அதுதான் செய்தது. இதைச் சேவியர் எனக்கு மூன்று தடவை விளக்கினார். முதல் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். "ஏன்டி, வண்டிக்குப் பொட்டு வெச்சியா, பூட்டு போட்டியா?"

சரசு கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். ராத்திரியில் டேங்கிலிருந்து டீசல் திருடுகிறார்கள் என்று முன்னே இவன் புலம்பியிருக்கிறான். பொட்டு வைத்த பொருளில் எவனும் கை வைக்க மாட்டான் என்று இவள் வெள்ளிக்கிழமைதோறும் வைத்திருக்கிறாள். மழையில் கரையாமல் இருக்க மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து அப்பியிருக்கிறாள். திருட்டும் நின்றது, அது உண்மை.

"சிரிக்கிற. தெனம் குச்சி வுட நீதானே தொறந்த? ஒரு நாளு அந்த மூடி மூஞ்சியப் பாத்தியா? பொண்டாட்டி இன்னா பண்றான்னு பாத்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டான். சேவியர் ரொம்ப அக்கறையாக ஒரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.

நான் சரசுவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். "ஒன்னும் ஆகல. வண்டியக் காப்பாத்தத்தானே பண்ணின" என்றேன். "அதான் அண்ணி கோவம் வருது. கெடுக்கணும்னு பண்ணியிருந்தாக்கூடப் பரவால்ல" என்றாள். பிறகு கிண்ணத்திலிருந்ததை வீணாக்காமல் லாரியின் ரெண்டு விளக்குக்கும், சக்கரத்துக்கும், சேவியரின் ஷெட் கதவுக்கும் வைத்தாள். டேங்கு பக்கம் போகவில்லை.

அன்று சாயங்காலமே பட்டறை வாசல் மணலில் லாரியைக் கொண்டுபோய் அணைத்தோம். தம்பி லாரியிலேயே படுத்தான். நானும் சரசுவும் ஸ்தபதி வீட்டில் தங்கினோம். தம்பியிடம் கேன் இருக்கிறதா என்று ஸ்தபதி கேட்டார். எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டான்.

விடிந்ததும் உளிக்காரர்கள் எல்லோரும் வேலை தொடங்காமல் நின்றார்கள். தம்பி ஏறினான். பட்டனை அழுத்தினான். ரெண்டு சுற்று சுற்றியது, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. அவனால் நம்ப முடியவில்லை. உடனே அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். மறுபடி எடுத்தது. ஸ்தபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சங்கிலி எடுங்கடா" என்றார்.

அம்மனை வைக்கோல் சுற்றி, சாக்குச் சுற்றி ஏற்றினார்கள். சொன்னபடியே ஸ்தபதியும் கைகொடுத்தார். சரசு வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸேறினாள். தம்பியும் நானும் அம்மனும் கிளம்பினோம். போகும்போது கடற்கரைப் பக்கம் நிறுத்தட்டுமா என்று தம்பி கேட்டான். இப்போது அணைத்துவிட்டுத் தைரியமாக இறங்கலாமாம். வேண்டாம் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஷெட்டில் எடுத்தது வேறு, மணலில் எடுத்தது வேறு. மேலே சாமி ஏறின பிறகு எடுக்காவிட்டால் பேச்சே வேறு. சேர்கிற வரைக்கும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

செங்கல்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு புது லாரி, மூக்கில்லாத மாடல், பளபளவென்று. பின்னால் பஸ், வேன், மாட்டு வண்டி. ஒவ்வொருத்தராக என்ஜினை அணைத்தார்கள். எங்கள் லாரி ஒன்றுதான் உறுமிக்கொண்டிருந்தது. புது லாரியின் டிரைவர் இறங்கி எங்களைப் பார்த்து, "அண்ணாத்த, டீசல் இன்னா உங்க வூட்டுக் கெணத்துலயா ஊறுது? அணைச்சா எடுக்காதா?" என்று கேட்டுவிட்டு, நுங்கு விற்கிற இடத்துக்குப் போனான்.

தம்பி காது சிவந்துவிட்டது.

"அணைக்கட்டா அக்கா?"

"உன் வண்டி."

"மேல சாமி கீது."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாக்குக்குள் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தான். இத்தனை நாளாக இந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒவ்வொரு கேட்டிலும் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. வீடு திரும்பின பிறகும் இவன் இந்த லாரியை ஓட்ட வேண்டும்.

"அணைடா" என்றேன்.

அணைத்தான். நாலு பக்கமும் அமைதியாகிவிட்டது. வயலில் எங்கேயோ பம்புசெட் ஓடுவது கேட்டது. மாட்டு வண்டியில் மாடு கழுத்தை ஆட்டியது. ரயில் வர நேரமாயிற்று. நான் அம்மனிடம்கூட ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்ததும் கேட்டுக்காரர் மெதுவாக வந்து சக்கரத்தைச் சுற்றினார்.

கம்பி முழுசாக மேலே போவதற்குள் தம்பி பட்டனை அழுத்தினான். வேண்டிக்கொள்ளாமலே எடுத்தது.

முன்னால் புது லாரி அப்படியே நின்றது. டிரைவர் நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு லுங்கியைத் தூக்கிப் பிடித்து ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னால் இருந்தவர்கள் யாரும் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் தம்பி தன் ஹாரனில் கை வைத்து அழுத்தினான். கையை எடுக்கவே இல்லை. போதும் விடுடா என்று நான் சொல்லவில்லை.